ஊசி போட்ட மாட்டின் பால்

மாடு வைத்திருப்பவருக்கு லீவு கிடையாது. கல்யாண வீடோ சாவு வீடோ, பால் கறந்துவிட்டுத்தான் போகவேண்டும். உங்கள் வீட்டிலும் ஒரு மாடு நின்றால், நான் செய்ததற்குத் திட்டினாலும் கொஞ்சம் இரக்கப்படுவீர்கள்.

புல்

ஹந்தானை மலையில் இருக்கிறவளுக்குப் புல்லுக்கு என்ன குறை என்று கண்டி டவுனில் கேட்கிறார்கள். மலைச்சரிவில் பாதிக்கு வேலி போட்டாயிற்று. வேலிக்குள் மாடி வீடுகள். நாலு மாடு நின்ற என் கொட்டிலில் இப்போது செவலை ஒன்றுதான். ஒரு நாள் புது வீடொன்றின் மதிலோரம் புல் அறுத்தேன். வீட்டுக்காரர் வெளியே வந்தார். விரட்டப் போகிறார் என்று பயந்தேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நல்லா வெட்டுங்க, எங்களுக்கும் சுத்தமா இருக்கும். ஆனா அந்த மாட்டுக் கொட்டில வேற எங்கயாச்சும் மாத்த ஏலாதா? வாசம் தாங்க முடியல்ல."

ஊசி

போன மாசம் செவலைக்கு மடி வீங்கியது. கிட்டப் போனாலே உதைத்தது. இருக்கிற ஒன்றும் போய்விடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மாட்டு டாக்டர் வந்தார். பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா மாட்டின் தலையைப் பிடித்துக்கொள்ள, ஊசி போட்டார். போகும்போது விரலை நீட்டிச் சொன்னார்: "மருந்து பால்ல எறங்கும், நாலு நாளைக்கு இந்தப் பால் யாருக்கும் குடுக்க வேணாம். எல்லாம் கீழ ஊத்துங்க, சரியா?"

மூன்றாம் நாள்

இரண்டு நாள் குழி தோண்டி ஊற்றினேன். பாலைத் தரையில் கொட்டுவது பாவம் என்று வளர்ந்த கை இது. மூன்றாம் நாள் வீக்கம் வற்றிவிட்டது, பாலும் வெள்ளையாக, நல்ல வாசனையோடு இருந்தது. கை கேட்கவில்லை. எங்கள் தோட்டத்து லயத்தில் வரிசையாக இருக்கும் ஒன்பது வீட்டுப் பாலும் சேரும் பெரிய கேனில் அதையும் ஊற்றிவிட்டேன். மறுநாள் காலை பால் லொறிக்காரர் கேனைத் தொடவே இல்லை. "நேத்து ஒங்க பால் சோதனையில புடிபட்டிருச்சி. ஒரு கெழமைக்கு, ஏழு நாளைக்கு, இந்த லயத்துப் பாலே வேணாம். ஊசி போட்ட மாடு யாரோடது?"

மாரியாயி அக்கா

மாரியாயி அக்காவின் மாடு முன்பு ஒருமுறை சீக்காகக் கிடந்தது, அதனால் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். தலையைப் பிடித்தவளுக்கு உண்மை தெரியாதா? ஆனாலும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. லொறிக்காரர் அவள் பெயரைக் கேட்டு எழுதத் தொடங்கினார். அப்போதுதான், வெட்கக்கேடு, எனக்கு நாக்கு அசைந்தது. "என் மாடுங்க," என்றேன். கண்ணீர் வந்துவிட்டது.

லொறி போனதும் லயமே என்னைத் திட்டித் தீர்த்தது. திட்டாதவள் அவள் ஒருத்திதான். பெரிய கேனில் இன்னும் ஊற்றாத தன் பாலைத் தூக்கிக்கொண்டே சொன்னாள்: "சொல்லிட்டேல்ல, போதும் புள்ள. பால் கெட்டுப்போறதுக்குள்ள அடுப்பப் பத்த வை, ஒறை ஊத்தித் தயிராக்குவோம்."

செவலை நாலு நாளில் தேறிவிட்டது, எனக்குத்தான் மாரியாயி அக்காவின் முகத்தை நேராகப் பார்க்க இன்னும் நாள் ஆகும் போலிருக்கிறது.