தெமோதரையில் கூவிய சேவல்

‘சிரிப்பும் மனநலமும்: ஆசிரியர்களுக்கான அரைநாள் செயலமர்வு. சகலரும் தவறாது சமூகமளிக்கவும்.’ சென்ற தவணை எங்கள் பாடசாலைக்கு வந்த சுற்றுநிருபத்தில் இப்படி இருந்தது. நாளும் மாதமும் போட்டிருந்தார்கள், ஆண்டைப் போடவில்லை. ஆண்டில்லாத திகதி எனக்குச் சோற்றில் கிடக்கும் கல் மாதிரி. பின்னாளில் ஒருவர் இந்தத் தாளை எடுத்துப் பார்த்தால், எந்த வருடத்து ஆசிரியர்கள் சிரிக்கும்படி பணிக்கப்பட்டார்கள் என்று எப்படி அறிவார்? பேனையால் ஆண்டை எழுதிவிட்டுத்தான் போனேன்.

பதுளையில் ஒரு மண்டபம். பயிற்றுநர் இளைஞர், நல்ல பிள்ளை. கைகளை மேலே தூக்கி ‘ஹா ஹா’, கீழே இறக்கி ‘ஹோ ஹோ’ என்று எங்களைச் சிரிக்கச் சொன்னார். விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர் இரண்டாவது ஹோவிலேயே முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“சிரிக்கிறதுக்குக் காரணம் தேவையில்ல டீச்சர். ஒடம்பு சிரிச்சா மனசு பின்னாலயே வந்துரும்,” என்றார் பயிற்றுநர், என் முன்னால் வந்து நின்று. “நீங்க மட்டும் சிரிக்கவே இல்லையே?”

“யோசிச்சிக்கிட்டு இருக்கேன்.”

“அதுதான் டீச்சர் பிரச்சினையே.”

அவர் சொன்னது முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். சிரிப்பைப் பற்றி நானும் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்திருக்கிறேன். சேர்ந்து சிரித்தால் உடம்பின் இறுக்கம் தளர்கிறது என்கிறார்கள், இருக்கலாம். ஆனால் பிறரைச் சிரிக்க வைத்தே தீருவது என்று ஒரு வீட்டுக்குள் வந்து உட்காரும் ஆளால் அந்த வீட்டுக்காரர்கள் படும் பாட்டை நான் வாசித்த எதுவும் சொல்லவில்லை. அப்படி ஓர் ஆளோடு நான் ஒரு வாரம் இருந்திருக்கிறேன். அவர் என் தாய்மாமா, அம்மாவின் தம்பி.

அது இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்களில் ஒன்று. இதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல முடியாதது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அம்மா மார்கழி என்கிறார். அப்பா தைப்பொங்கலுக்குப் பிறகு என்கிறார். மழை பெய்தது என்பதில் மட்டும் இருவருக்கும் சம்மதம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மழை ஒரு சாட்சியமே இல்லை. எனக்கு எட்டு வயது நடந்துகொண்டிருந்தது.

அம்மாவின் சிரிப்பு எங்கள் தோட்டத்தில் பேர் போனது. கொழுந்து மலையில் பனிமூட்டம் இறங்கி ஆளுக்கு ஆள் தெரியாமல் போனாலும், அம்மா எந்த நிரையில் நிற்கிறார் என்று கங்காணி சிரிப்பை வைத்தே சொல்லிவிடுவார். அந்த அம்மாவுக்கு பதுளை ஆஸ்பத்திரியில் எனக்கொரு தம்பி பிறந்தான். சில நாட்கள் இருந்தான். பிறகு அம்மா மட்டும் வேனிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல், வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். அழவில்லை. பேசவில்லை. தேத்தண்ணீரை மட்டும் குடித்தார். சோற்றுத் தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

தம்பி பிறந்த செய்தி, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்த மாமாவுக்கு ஒரு கடையின் தொலைபேசி வழியாகப் போனது. இரண்டாவது செய்தி கடையோடு நின்றுவிட்டது. அதனால்தான் மாமா கோழியோடு வந்தார்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குத் தாய்வீட்டிலிருந்து கோழி வரும். தாய் தகப்பன் இல்லாவிட்டால் கூடப்பிறந்தவன் கொண்டுவர வேண்டும். பெட்டைக்கோழியாக இருக்க வேண்டும். மிளகு தட்டிப்போட்டுச் சாறு வைத்துக் கொடுத்தால் பெற்ற உடம்பு தேறும் என்பார்கள்.

“எங்க என் மருமகப்பய? மாமன் வந்திருக்கேன்னு சொல்லுங்க,” என்று படியிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார் மாமா. துணிப்பைக்குள்ளிருந்து கோழிதான் பதில் சொன்னது. அப்பா எழுந்து போய் மாமாவின் காதருகில் ஏதோ சொன்னார். மாமா பையை மடியில் வைத்துக்கொண்டு மழை ஈரம் படிந்த படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கோழியை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் கொண்டுவந்த கோழியைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. சமைக்கவோ யாருக்கும் கை வரவில்லை. ஆக அது வாசல் தூணில் காலில் கயிற்றோடு நின்றது. நின்றதோடு விடாமல் அடுத்த நாளே முட்டையிட்டு, அதை லயம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தது. உள்ளே அம்மா போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

மாமா மறுநாளே போயிருக்க வேண்டும். போகவில்லை. அக்காவைச் சிரிக்க வைத்து ஒரு வாய் சோறு தின்ன வைத்துவிட்டுத்தான் போவது என்று முடிவு செய்துவிட்டார். அதன் பிறகு எங்களுக்கு நிம்மதி இல்லை. அம்மாவின் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி, படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு வாசலில் கொழுந்து பறித்தார். என் பாடசாலை டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா மாதிரி நடந்தார். திருப்பித் தந்தபோது டையில் மீன்குழம்பு இருந்தது. லயத்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மாவின் முதுகு அசையவில்லை.

“ஏன் தம்பி, ஒனக்கு வெக்கமா இல்லியா?” என்று கேட்டார் அடுத்த காம்பரா அத்தை.

“வெக்கத்த அப்புத்தளையிலயே எறக்கிட்டேன் மதினி. பஸ்ல எடமில்ல.”

அப்பாவுக்கும் பொறுமை போய்விட்டது. “போதும்யா மச்சான். எழவு வீடுய்யா இது. பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க?”

“நெனச்சிட்டுப் போறாங்க மச்சான். அக்கா திங்கணும்ல?”

எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது வேடங்களல்ல, அவர் சொன்ன கதை. சின்ன வயதில் மாமாவும் அம்மாவும் தங்கள் அப்பாவோடு ரயிலில் போன கதை. தினமும் வாசற்படியில் உட்கார்ந்து, உள்ளே கேட்கிற மாதிரி அதைச் சொல்வார். பைக்குள் ஒரு சேவலை ஒளித்துக் கொண்டு போனார்களாம். டிக்கட் பரிசோதகர் வந்தாராம். சேவல் கூவிவிட்டதாம். உடனே மாமாவும் கூவினாராம். கதை முடிந்தது.

“நேத்து எல்லன்னு சொன்னீங்க மாமா. இன்னைக்கு பண்டாரவளைங்கிறீங்க.”

“ரயிலு ரெண்டு எடத்துலயும் நிக்குந்தானே மருமகளே.”

“சேவல்தான் கூவிருச்சே. பெறகு நீங்க எதுக்குக் கூவினீங்க?”

“தொணைக்கு.”

“இதுல சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?”

“சிரிக்கிறவங்களுக்கு இருக்கு.”

கதை என்றால் அதற்கு ஒரு கணக்கு இருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதே பிடிவாதம். இந்தக் கதை ஒவ்வொரு நாளும் ஊர் மாறியது, சேவலின் நிறம் மாறியது, ஒரு தடவை ரயில்கூட பஸ்ஸாகியது. ஒரு தடவையும் அர்த்தமாகவில்லை. இன்னொன்றையும் கவனித்து வைத்திருந்தேன், காரணம் தெரியாமல். ரயிலில் வந்த சேவலைப் பற்றி இவ்வளவு பேசிய மாமா, தூணில் கட்டியிருந்த கோழியைக் கோழி என்று ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. “அதுக்குத் தண்ணி வச்சியா?” “அத மழையில வுடாத.” இப்படித்தான்.

வியாழக்கிழமை காலை தோட்டத்து மிட்வைஃப் அம்மா வந்து பார்த்தார். வெளியே வந்து அப்பாவிடம் தணிந்த குரலில் பேசினாலும் எனக்குக் கேட்டது. “இப்பிடியே சாப்பிடாம கெடந்தா நாளைக்கு பதுளைக்குத்தான் அனுப்பணும். ஒடம்பு தாங்காதுங்க.”

பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. தம்பி அங்கேதான் இருந்தான், திரும்பி வரவில்லை. சோற்றைப் பிசைந்து உருட்டி அம்மாவின் வாயருகில் கொண்டு போனேன். அம்மா என் கையை மெதுவாக விலக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

மத்தியானம் மழை கனத்துப் பெய்துகொண்டிருந்தபோது கோழி மறுபடி முட்டையிட்டுக் கொக்கரித்தது. மாமா படியிலிருந்து அதைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்பாவும் அடுத்த காம்பரா அத்தையும் இருக்க, அதே கதையைத் தொடங்கினார்.

“எல்ல ஸ்டேசன் மதினி. பைக்குள்ள நல்ல செவலச் சேவலு…”

எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. “பொய் சொல்லாதீங்க மாமா. நேத்துக் கறுப்புன்னீங்க.”

“வெயில்ல வெளுத்திருக்கும்.”

“சேவல் கூவினா நீங்க ஏன் கூவணும்? இந்தக் கத சரியே இல்ல. ஒரு நாளும் சரியில்ல.” எனக்கு அழுகை வந்துவிட்டது. “அம்மாவ நாளைக்குக் கொண்டு போகப் போறாங்க. நீங்க இன்னும் சேவலு சேவலுன்னு…”

“சேவல் இல்ல.”

உள்ளேயிருந்து வந்தது அந்தக் குரல். கரகரப்பாக, நாள்பட மூடிக் கிடந்த கதவைத் திறக்கிற மாதிரி இருந்தது. அத்தை வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டார்.

“பொட்டக்கோழி,” என்றார் அம்மா. “நம்ம பெரியக்கா புள்ள பெத்திருந்துச்சுல்ல. அதுக்குக் கொண்டு போனோம். எல்லயும் இல்ல, தெமோதர.”

“இல்லக்கா. சேவலுதான். எனக்கு நல்லா ஞாபகம்.”

“ஒனக்கு என்னடா ஞாபகம்.” அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தார். முடியெல்லாம் கலைந்து, கண்கள் குழிவிழுந்து இருந்தன. ஆனால் குரலில் கோபம் இருந்தது. அத்தனை நாளில் அம்மாவிடம் நான் கண்ட முதல் உணர்ச்சி அது. “புள்ள பெத்தவளுக்கு எவன்டா சேவலு கொண்டு போவான்? பைக்குள்ள அது கொக்கொக்குன்னுச்சு. டிக்கட் பாக்கிறவரு திரும்பினாரு. சத்தம் போட்டது கோழியில்ல, நான்தான்னு காட்டிக்கிறதுக்கு நீ மூஞ்சிய வச்சிக்கிட்டு… கொக்கரக்கோன்னு…”

அம்மா நிறுத்தினார்.

“கொக்கொக்குன்னுதானே சொல்லணும்? கோழி கத்துனதுக்கு, சேவலாட்டம் கூவினியேடா. அந்த மனுசன் குனிஞ்சு ஒன்னப் பாத்து, ஓ, சோடியாத்தான் கொண்டு போறீங்களா, அப்ப ரெண்டுக்கும் டிக்கட் எடுங்கன்னாரு…”

முதலில் இருமல் மாதிரி வந்தது. அப்பா பதறி எழுந்தார். பிறகு அது அம்மாவின் சிரிப்பாயிற்று, மலையில் பனிமூட்டத்துக்குள் கேட்கும் அதே சிரிப்பு. தூணருகே கோழி திடுக்கிட்டுச் சிறகடித்தது. அத்தை சிரித்தார். அப்பாவும் சிரித்தார். எனக்கும் கதை அப்போதுதான் விளங்கியது, நானும் சிரித்தேன். மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. நிற்காமலே வேறொன்றாக மாறியது. எந்த இடத்தில் மாறியது என்று என்னால் சொல்ல முடியாது. அம்மா இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, “எம்புள்ள, எம்புள்ள” என்று அழுதுகொண்டிருந்தார்.

நான் மாமா மேல் பாய்ந்தேன். “நீங்கதான் அழ வச்சீங்க. ஒங்க ஊருக்குப் போங்க. போங்க மாமா.” முதுகிலும் தோளிலும் அடித்தேன். அவர் என் கைகளைப் பிடிக்கவில்லை. அத்தை உள்ளே போய் அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டதைப் பார்த்தார். பிறகு மழைக்குள் இறங்கிப் போய்க் குழாயடியில் நின்று, நனைந்த முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். மழையில் நிற்பவர் எதற்காக முகம் கழுவுகிறார் என்பது இந்த மாமாவின் இன்னொரு கோமாளித்தனம் என்று எனக்குத் தோன்றியது.

விளக்கேற்றும் நேரத்தில் அம்மா கேட்டார்: “அந்த முட்டய என்ன செஞ்சீங்க?” அப்பா ஓடிப் போய் அதை அவித்து எடுத்து வந்தார். அம்மா முட்டையோடு அரைத் தட்டுச் சோறு தின்றார். தின்னும்போதும் அழுதார். வெள்ளிக்கிழமை அம்மா பதுளைக்குப் போகவில்லை; மாமாதான் காலை பஸ்ஸில் போனார். என் அடிக்குப் பயந்து போய்விட்டார் என்று லயத்துப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நன்றாய் இருந்த அம்மாவை அழ வைத்தவர் என்று அவரோடு நெடுநாள் பேசவில்லை. அதற்கு முன் அம்மா நன்றாய் இருக்கவில்லை என்பதும், அந்த வாரம் முழுவதும் பெரியவர்கள் காத்திருந்தது சிரிப்புக்கு அல்ல, அந்த அழுகைக்குத்தான் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

செயலமர்வு முடிந்து வந்த அன்று மாமாவைத் தொலைபேசியில் பிடித்தேன். அப்புத்தளையில்தான் இருக்கிறார், அறுபதை நெருங்குகிறார்.

“மாமா, சரியாச் சொல்லுங்க. பையில இருந்தது கோழின்னு ஒங்களுக்கு அப்ப ஞாபகம் இருந்துச்சா, இல்லியா?”

“என்ன கோழி? அது சேவலு மருமகளே. ஒங்கம்மாவுக்கு வயசாயிருச்சு.”

அம்மாவைக் கேட்டால் ஒரு நாள், “அவனுக்கு அவ்வளவு புத்தி ஏது? மறந்திருப்பான்,” என்கிறார். இன்னொரு நாள், “எந்தம்பி எதையும் மறக்க மாட்டான்,” என்கிறார். இரண்டையும் திகதியோடு, ஆண்டோடு எழுதி வைத்திருக்கிறேன், பயனில்லை. அந்தக் கோழியை நாங்கள் கடைசி வரை சமைக்கவில்லை, அதற்கு நானே சாட்சி. ரயில் நின்றது தெமோதரையில் என்பதற்கு அம்மாவின் வாய்மொழி மட்டும் இருக்கிறது. ஆனால் அந்த வாரம் மாமா கோழியைச் சேவலாக்கிச் சொன்னது மறதியாலா, அந்த வீட்டில் கோழி என்ற சொல்லை எடுக்க நாக்கூசியதாலா, அல்லது அக்கா பொறுக்க முடியாமல் எழுந்து திருத்துவாள் என்று தெரிந்தேதானா என்பதை இன்று வரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.