மதினியின் இரண்டாயிரத்து ஒன்பது

அலுவலகச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு தொலைக்காட்சி உண்டு. யாரும் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. இரண்டாயிரத்து ஒன்பது ஜனவரியில் ஒருநாள் காலை, அதன் முன்னால் நாங்கள் அத்தனை பேரும் டீக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தோம். எங்கள் நிறுவனத்தின் தலைவர், பல வருடங்களாக இல்லாத பணத்தைக் கணக்கில் இருப்பதாகக் காட்டி வந்ததாகத் தாமே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று திரையில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் நின்ற பையனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அவன் சிரிக்க முயன்றுகொண்டே இருந்தான். சிரிப்பு வரவில்லை. நான் வெளியே வந்து கைபேசியை எடுத்தேன். அண்ணனை அழைக்கவில்லை, மதினியைத்தான் அழைத்தேன். அண்ணனிடம் சொன்னால் பதில் வருவதற்குள் பத்துக் கேள்வி வரும்.

"வேலைதானே போவுது பாப்பா, நீ போகலே இல்லே? டென்ஷன் நக்கோ," என்றாள் மதினி. "கொண்டாப்பூர் ரூம்லே தனியா உக்காந்து யோசிக்காதே. இன்னைக்கே பொட்டியைக் கட்டிட்டு அல்வால் வந்துடு."

வேலை அன்றைக்குப் போகவில்லை. போய்விடும் என்ற பயம் மட்டும் கூடவே வந்து, நகரத்தின் மறுகோடியில் அண்ணன் வீடு இருந்த அல்வாலில் குடியேறியது. அந்த வருடம் முழுக்க நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன்.

மதினி, அல்வாலை ஒட்டி ராணுவ முகாம் இருக்கும் பொலாரத்தில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தாத்தா காலத்திலேயே ராணுவக் கணக்கு அலுவலகத்துக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். அவளுடைய தமிழில் ஆமாம் என்பதற்கு ஹவ்வும் வேண்டாம் என்பதற்கு நக்கோவும் ஏன் என்பதற்குக் கைக்குவுமாக அந்த ஊர் உருது தாராளமாகப் புழங்கும். தமிழ் பேசுவாளே தவிர வாசிக்க வராது. பாளையங்கோட்டையிலிருந்து வந்த எங்கள் அம்மா முதன்முறை அவள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "இவ பேசுறது நம்ம பேச்சுதானாட்டி?" என்று என் காதில் கேட்டாள். அண்ணன் தொலைபேசித் துறையில் பொறியாளர். நாள் முழுக்க ஊர் பேசுவதற்கு வழி செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அவனுக்குப் பேச்சே வராது. அவனுக்கும் சேர்த்து மதினி பேசினாள். பொலாரத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்தாள். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்னே தொலைக்காட்சியைப் போடுவாள். செய்தி, கிரிக்கெட், பாட்டு, பட்ஜெட் எதுவும் அவளுக்கு விலக்கில்லை. திரையில் வருகிறவர்கள் எல்லோரும் பக்கத்துத் தெருக்காரர்கள் என்பதுபோலப் பேசுவாள்.

அப்படிப்பட்டவளுக்கு அந்த வருடம் அள்ளி அள்ளிக் கொடுத்தது. பிப்ரவரியில் நம் ஊர் இசையமைப்பாளர் ஒருவர் அமெரிக்காவில் உலகத்தின் பெரிய சினிமா விருதை இரண்டு கைகளிலும் வாங்கினார். அந்த மேடையில் தமிழில் ஒரு வரி சொன்னார். மதினி வேலைக்குப் போகப் புடவை கட்டிக்கொண்டிருந்தவள், கொசுவத்தைக் கையில் பிடித்தபடியே கூடத்துக்கு ஓடி வந்து நின்று அழுதாள். தமிழ் வாசிக்கத் தெரியாதவளுக்கு அந்த ஒரு வரி என்ன செய்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏப்ரலில் வேறொரு நிறுவனம் எங்கள் நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. "ஹவ், பாத்தியா? கடைன்னு இருந்தா முதலாளி மாறுவான். கடை அங்கேதானே இருக்கு?" என்றாள். வேலை தங்கிவிட்டது என்று உறுதியானபோது நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது மேசையில் கேசரி இருந்தது.

தேர்தல் வந்தது. பழைய ஆட்சியே மாநிலத்திலும் டெல்லியிலும் திரும்பி வந்தது. தேர்தலால் அந்த வருடத்து இருபது ஓவர் போட்டிகளைத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முந்தைய வருடம் எங்கள் நகரத்து அணிதான் எல்லோருக்கும் கடைசி. அலுவலகத்தில் அதன் பெயரைச் சொன்னாலே சிரிப்பார்கள். மதினி மட்டும், "கெலிக்கும் பாரு. கடைசி பெஞ்சுப் பசங்களை எனக்குத் தெரியும், ஒரு வருஷம் அவனுங்களுக்கும் வரும்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசி ஓவர் வரை இழுத்து அந்த அணி கோப்பையை வென்றபோது அண்ணனே எழுந்து நின்று கைதட்டினான். அவன் கைதட்டி நான் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

செப்டம்பரில்தான் அந்த வருடத்தின் முகம் மாறியது. மாநிலத்தின் முதலமைச்சர் போன ஹெலிகாப்டர் காட்டுக்கு மேலே எங்கோ காணாமல் போனது. ஒரு பகல் முழுக்க எல்லாச் சேனலிலும் ஒரே வாசகம்: தொடர்பு இல்லை. கீழ்வீட்டு ஆன்ட்டி எங்கள் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய கணவருக்கு இதய அறுவை சிகிச்சை அந்த முதலமைச்சர் கொண்டுவந்த திட்டத்தில் அரசாங்கச் செலவில் நடந்திருந்தது. "மா ஆயன்னி பதிகிஞ்சாடு," என் வீட்டுக்காரரைப் பிழைக்கவைத்தாரே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மதினி அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். மறுநாள் சேதி வந்தது. கடைகள் அடைத்தன. நகரமே ஊமையாகிப்போனது. "செத்துட்டாருன்னு சொன்னப்போ கூட இல்லே பாப்பா. தொடர்பு இல்லே, தொடர்பு இல்லேன்னு ஓடிச்சே, அதான் தாங்க முடியலே," என்று மதினி பிறகு என்னிடம் சொன்னாள்.

அக்டோபர் பிறந்தபோது அண்ணன் கர்னூலில் இருந்தான். அங்கிருந்த தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் ஏதோ கருவி மாற்றுகிற வேலை, ஒரு வாரத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிப் போயிருந்தான். மழை விடாமல் பெய்தது. துங்கபத்திரை ஊருக்குள் வந்துவிட்டது. மாலையில் அவன் பேசியபோது, "தண்ணி வாசல் வரைக்கும் வந்துட்டு. மேல போறோம்," என்றான். மதினி, "சாப்டீங்களா?" என்றாள். பதில் வருவதற்குள் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் எண்ணும் கிடைக்கவில்லை, அந்த ஊரின் எந்த எண்ணும் கிடைக்கவில்லை.

மறுநாள் செய்தியில் முதல் மாடி வரை தண்ணீர் நின்ற தெருக்களைக் காட்டினார்கள். கூரைகளில் ஆட்கள் துணியை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நெடுஞ்சாலை மூழ்கியிருந்தது, பஸ் இல்லை, ரயில் இல்லை. எங்களைத் துளைப்பதுபோல, தொடர்பு இல்லை என்ற அந்த வாசகம் மறுபடி ஓடியது. மதினி எழுந்துபோய்த் தொலைக்காட்சியை அணைத்தாள். அவள் வீட்டில் இருக்கும்போது அது அணைந்து நான் பார்த்தது அன்றுதான். பாளையங்கோட்டையிலிருந்து அம்மா அழைத்தாள். "மக்கா, அவன் பேசலயேட்டி. நான் ஜெபத்துல உக்காந்துருக்கேன், மனசு நிக்க மாட்டேங்கு." மதினி என் கையிலிருந்து போனை வாங்கி, "டவர் விழுந்துடுச்சு அத்தை, அவ்ளோதான். அவரு டவர் கட்டற ஆளு, அவரே கட்டிட்டுப் பேசுவாரு," என்றாள். வைத்தபிறகு சமையலறைக்குள் போய் வெறும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேச்சில்லாத மதினியைப் பார்க்க எனக்கு வெள்ளத்தைவிடப் பயமாக இருந்தது.

இருவரும் அண்ணனுடைய தலைமை அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி முகச்சவரம்கூடச் செய்யாமல் இரண்டு போன்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை, காத்திருங்கள் என்றார். மதினி அவர் மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றினாள். "ஊருக்கெல்லாம் லைன் குடுக்கற ஆளு சார் அவரு. அவரு வீட்டுக்கு ஒரு லைன் உங்களாலே குடுக்க முடியாதா?" என்று அவருக்குத் தெரிந்த தெலுங்கில் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, ராணுவப் படகு மட்டும்தான் உள்ளே போகிறது," என்றார்.

அது போதுமாயிருந்தது அவளுக்கு. பொலாரத்திலிருந்து வீரர்கள் படகுகளோடு புறப்படுகிறார்கள் என்று பள்ளியில் பேச்சு அடிபட்டிருந்தது. அவளோடு வேலை பார்த்த ஹிந்தி டீச்சரின் கணவர் அங்கே ராணுவத்தில் சுபேதார், ஹரியானாக்காரர். அலுவலகத்திலிருந்து ஆட்டோவை நேரே அவர்கள் குடியிருப்புக்கு விடச் சொன்னாள். சுபேதார் லாரியில் ஏறுகிற அவசரத்தில் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். தண்ணீருக்கு மேலே எல்லாக் கட்டடமும் ஒன்றுபோலத்தான் தெரியும், எது எக்ஸ்சேஞ்ச் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றார். ஆளின் பெயரைச் சொல்லுங்கள், கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்றார்.

"பேரு வேண்டாம், அந்தப் பேர்லே நாலு பேர் திரும்புவாங்க," என்று ஹிந்தியில் சொன்னாள் மதினி. "சாப்டீங்களா, சாப்டீங்களான்னு கத்துங்க. அவரு ஒருத்தர்தான் திரும்புவாரு."

சுபேதார் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு பள்ளிப் பிள்ளைபோல, "சாப்டிங்லா?" என்றார். மதினி திருத்தினாள். மறுபடி சொன்னார். லாரி கிளம்பிய பிறகும் அவர் அதை முணுமுணுத்துக்கொண்டு போனது எங்களுக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் பகல் கழிந்த விதத்தை நான் எழுத விரும்பவில்லை. மாலை நாலு மணிவாக்கில் தெருவில் விடாமல் ஸ்கூட்டர் ஹாரன் கேட்டது. ஹிந்தி டீச்சர். வண்டியை நிறுத்தவும் பொறுமையில்லாமல் சாய்த்துப் போட்டுவிட்டு மாடிப்படியில் ஏறிக்கொண்டே கத்தினாள். "மில் கயே! டீக் ஹைன்! போல் ரஹே ஹைன், பூக் லகீ ஹை!" கிடைத்துவிட்டாராம், நன்றாக இருக்கிறாராம், பசிக்கிறது என்கிறாராம். சுபேதார் ராணுவக் கம்பியில்லாக் கருவி வழியாகப் பொலாரத்துக்குச் சொல்லியனுப்பியிருந்தார்.

மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முதலில் அவளிடமிருந்து வந்தது திட்டுதான். "பசிக்குதாம்! கைக்கு? போகும்போதே முறுக்கு டப்பாவை எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேனா இல்லையா? பாரம்னாரு! தொரைக்குப் பாரம்!" கண்ணீர் தாரையாக ஓட, அவள் திட்டிக்கொண்டே இருந்தாள். ஹிந்தி டீச்சரும் நானும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு சிரித்தோம். கீழ்வீட்டு ஆன்ட்டி என்ன ஆயிற்றோ என்று கரண்டியோடு ஓடி வந்து, விஷயம் தெரிந்ததும் அவளும் அழுதாள். நான் அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஆண்டவரே" என்று ஒரே சொல்.

சுபேதார் பிறகு வீட்டுக்கு விருந்துக்கு வந்தபோது நடந்ததைச் சொன்னார். கூரை கூரையாகப் படகை நிறுத்திக் கத்தியிருக்கிறார். ஜனங்கள் இவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்தார்களாம். ஏதோ ஒரு மொட்டை மாடியில் நாலைந்து பேர் தார்ப்பாயின் கீழே சுருண்டு கிடந்தார்கள். அதில் ஒருவன் மட்டும் துள்ளி எழுந்து, "இல்லே!" என்று பதில் கத்தினானாம். "அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியவில்லை. ஆனால் ஆள் இவர்தான் என்று தெரிந்துவிட்டது," என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

உயிர் தப்பியவன் உடனே வீட்டுக்கு வந்தானா என்றால் இல்லை. தண்ணீர் இறங்கியதும் சேற்றில் நின்று எக்ஸ்சேஞ்சைச் சரிசெய்ய அங்கேயே தங்கிவிட்டான். தாடியும் நாற்றமுமாகத் துறை ஜீப்பில் வந்து இறங்கியபோது மதினி முதலில் கேட்டது, "லைன் சரியானதும் மொதல் கால் யாருக்குப் போட்டீங்க?" அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. "கலெக்டர் ஆபீஸுக்கு," என்றான். அன்றைக்கு முழுக்க அவனிடம் அவள் பேசவில்லை. தட்டில் மட்டும் சோறு மலையாக இருந்தது.

டிசம்பரில் தனி மாநிலத்துக்கான போராட்டம் மூண்டது. கடையடைப்பு, ஊர்வலம், டெல்லியிலிருந்து அறிவிப்பு, அந்த அறிவிப்புக்கு எதிர்ப்பு. என் அலுவலக வண்டி பல நாட்கள் வரவில்லை. நகரம் கொதித்துக்கொண்டிருக்க, அண்ணன் வெளியே போக முடியாமல் வீட்டில் அடைந்து கிடந்த அந்த நாட்களில் மதினி மட்டும் வெங்காய பக்கோடா போட்டுக்கொண்டு வெளிப்படையாகச் சந்தோஷமாக இருந்தாள். வருடத்தின் கடைசி நாள் தொலைக்காட்சியில் ஆண்டின் முக்கிய நிகழ்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். எங்கள் நிறுவனம், விருது, தேர்தல், கோப்பை, ஹெலிகாப்டர், போராட்டம் எல்லாம் வந்தன. வெள்ளம் கண்மூடித் திறப்பதற்குள் வந்து போனது. "இதுலே நீங்க எங்கே?" என்றாள் மதினி. "கூரைல. அங்க கேமரா வரல," என்றான் அண்ணன்.

அந்தத் தொகுப்பில் வந்தவற்றில் பல இன்றைக்கு இல்லை. எங்கள் நிறுவனத்தின் பழைய பெயர் மறைந்துவிட்டது. கோப்பை வாங்கிய அணியே கலைந்துபோனது. மாநிலம் இரண்டாகிவிட்டது. அவை எல்லாம் பெரிய விஷயங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் யாராவது அந்த வருடத்தைப் பற்றிப் பேசினால் எனக்கு ஹாரன் சத்தமும் மாடிப்படியில் ஏறி வந்த ஹிந்திக் குரலும்தான் முதலில் கேட்கின்றன.

போன மாதம் அல்வாலுக்குப் போயிருந்தேன். அண்ணன் ஓய்வுபெற்றுவிட்டான். காலையில் கீரை வாங்கப் போனவன் கைபேசியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். வழக்கத்தைவிட நேரமாகிவிட்டது. மதினி கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள். தெருமுனையில் ஒரு மஞ்சள் பை தெரிந்தது, பின்னால் அவன் தெரிந்தான். உடனே அவள் ஆரம்பித்தாள். தெருவில் போன பால்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் திட்டினாள். அண்ணன் அவசரப்படாமல் நடந்து வந்தான். ஆள் கண்ணில் பட்ட பிறகுதான் மதினிக்குத் திட்டவே வரும் என்பது அவனுக்கும் தெரியும்.