எனக்கு விட்டுத்தந்த முதலிடம்

பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் பாடசாலையில் எனக்கு ஒரே வேலைதான்: பந்தலுக்குக் கீழே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பரிசுத் தட்டை ஏந்திக்கொண்டிருப்பது. பத்தாம் வகுப்பில் அது போதும் போதும் என்றாகிவிட்டது. நூறு மீட்டரில் நானும் கலந்துகொள்ள வேண்டும் என்று, நிற்கவே முடியாதவள், ஒற்றைக்காலில் நின்றேன்.

அம்மாவுக்குப் பல்லேகல கார்மண்ட்ஸில் தையல் வேலை. லீவு போட்டுவிட்டு பாடசாலை அதிபரைப் பார்க்க வந்தாள். அதிபர் யாழ்ப்பாணத்தவர்.

"விழுந்தால் ஆர் பொறுப்பு? பிள்ளை இருந்து பாக்கட்டுமே."

"எல்லாப் புள்ளைகளுந்தான் சேர் விழுகுது. எம் புள்ள மட்டும் விழக்கூடாதா?"

பலமுறை அலைந்தபிறகு சம்மதித்தார். பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் தொழிற்சாலைகள் மூடியிருக்கும். வெறிச்சோடிய பல்லேகல ரோட்டில் அம்மா முன்னால் ஓடுவாள், நான் சக்கரத்தை உந்திக்கொண்டு துரத்துவேன். அவளை முந்திய அன்று என் உள்ளங்கை உரிந்திருந்தது. தலைகால் புரியாத சந்தோஷம் எனக்கு.

போட்டியன்று மைதானத்துப் புல் மழையில் ஊறிக் கிடந்தது. விசில் ஊதியதும் முன்சக்கரம் புதைந்துவிட்டது. மூச்சைப் பிடித்து உந்தி வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தால், பாடசாலையிலேயே வேகமாக ஓடுகிறவள் என் பக்கத்தில் நடந்து வருகிறாள். மற்றவர்கள் எங்களுக்கும் பின்னால்.

"ஓடுடி!" என்று கத்தினேன்.

"டீச்சர்தான் ஒன்ன முன்னுக்கு விடச் சொன்னாங்க" என்று சிரித்தாள். அன்பாகத்தான் சிரித்தாள். அவளை அறைந்திருப்பேன்.

வேறு யாரும் தடுமாறினால் மற்ற இல்லத்துப் பிள்ளைகள் ஹூ போட்டு மானத்தை வாங்குவார்கள். எனக்கு எல்லா இல்லமும் எழுந்து கை தட்டியது. முதலிடத்துக்கு ஒரு கிண்ணம் தந்தார்கள். அதில் என் பெயரை ஏற்கனவே பொறித்திருந்தார்கள்.

அம்மா கூட்டத்துக்குள் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் எந்த வாயால் சொல்வது? வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கிண்ணத்தைக் காட்டினாள், சாகும்வரை.

இப்போது சக்கர நாற்காலிப் பிள்ளைகளுக்கென்றே போட்டிகள் நடக்கின்றன. பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது, வயிறும் எரிகிறது. அந்த ஈரப்புல்லில் நான் கடைசியாகத்தான் வந்திருப்பேன். எவ்வளவு பின்தங்கியிருப்பேன் என்றாவது தெரிந்திருக்கும். அம்மா சண்டை போட்டு எனக்கு வாங்கித் தந்தது அதைத்தான். அவர்கள் அதைத் தரவே இல்லை.