நீல டிரம்மில் இல்லாத இரண்டு கட்டுகள்

2019 ஆகஸ்டு 22, வியாழக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். பட்டினப்பாக்கம் கடற்கரையில் உடைந்த பாட்டில் ஒன்று என் இடது உள்ளங்காலைக் கிழித்தது. மர்சலின் அம்மையாரை நான் முதன்முதலாகச் சந்தித்தது அந்த நேரத்தில்தான்.

பத்தடி தொலைவில் ஒரு ஃபைபர் படகு அப்போதுதான் கரையேறியிருந்தது. அதன் சொந்தக்காரர் ஃபிரெட்ரிக்கும் அவருடைய கூட்டாளி கபாலியும் வலையை உதறிக்கொண்டிருந்தனர். மணலில் இரத்தத்தைக் கண்டதும் கபாலிதான் முதலில் வந்தான்.

“இன்னா சார், கடலையே பாத்துக்கினு நடந்தா காலுக்குக் கீழ யாரு பாக்கறது?”

“டேய், வாய மூடிக்கினு டிரம்ம எட்துக்கினு வா,” என்றார் ஃபிரெட்ரிக்.

வந்தது ஒரு நீல பிளாஸ்டிக் டிரம். ஒரு குடத்தின் அளவுதான் இருக்கும். அகன்ற வாய், திருகு மூடி, கழுத்தில் ஆரஞ்சு நிறக் கயிறு. அதைக் கபாலியின் கையிலிருந்து வாங்கித் திறந்தவர் ஃபிரெட்ரிக்கின் மனைவி மர்சலின். வெள்ளைச் சேலையில், தோளில் சாப்பாட்டுப் பையுடன் நின்றிருந்தார். அடையாற்றில் ஒரு மருத்துவமனையின் காயம் கட்டும் அறையில் அவருக்கு இருபத்திரண்டு ஆண்டு வேலை. கணவரின் படகு கரை சேர்வதைப் பார்த்துவிட்டுத்தான் தினமும் பேருந்து ஏறுவாராம்.

“உக்காருங்க சார். காலை மேல தூக்குங்க. நீங்க பாக்காதீங்க, மயக்கம் வரும்.”

உப்புநீர்ப் புட்டியைத் திறந்து காயத்தைக் கழுவினார். உள்ளங்கை அகலமுள்ள தடித்த துணிப்பட்டையை வைத்து அழுத்திச் சுற்றினார். அது நனைந்தது. அதன் மேலேயே, டிரம்மில் மிச்சமிருந்த இரண்டாவதையும் சுற்றினார். பிறகு மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த அட்டையில் பென்சிலால் எழுதினார்: “பெரிய கட்டு 2. வாக்கிங் சார்.” என் பெயரை அவர் கேட்கவில்லை.

நான் பணப்பையை எடுத்தேன்.

“காசு வேணாம் சார். படகுல இருக்கற டிரம்முலேருந்து ஒண்ணு போனா, அதே ஒண்ணு திரும்பி வரணும். அவ்வளவுதான்.”

“அக்காகிட்ட கடன் வச்சியா, தொலஞ்ச சார்,” என்றான் கபாலி. “நான் ஒரு தபா கத்திரிக்கோலு எட்துக்கினு போனேன், பொண்ணுக்கு முடி வெட்ட. மூணு நாளு வாசல்ல வந்து நின்னுச்சு. பொண்டாட்டி தப்பா நெனச்சுக்கினா.”

“தப்பா நெனைக்கட்டும். அந்தக் கத்திரியில முடிய வெட்டுனியே, அதுக்கு நான் இன்னும் ரெண்டு நாளு நின்னிருக்கணும்,” என்றார் மர்சலின். என் காலுக்குப் போன கட்டுகளை மாலைக்குள் தாமே வாங்கி வைத்துவிடுவதாகவும் சொன்னார்.

“நீங்க வாங்காதீங்க சிஸ்டர். நானே வாங்கிட்டு வந்து தர்றேன்,” என்றேன். இருமுறை வற்புறுத்திச் சொன்னேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். “இன்ஜின் ரிப்பேருக்குப் போவுது சார். திங்கக்கிழமைதான் போட்டு எறங்கும். அதுக்குள்ள வந்தா போதும்.”

அந்த டிரம்மின் வரலாற்றைப் பின்னாளில் துண்டு துண்டாகக் கேட்டறிந்தேன். சாந்தோம் தேவாலயப் பங்கில் ஆசிரியர்களும் எழுத்தர்களுமாக இருந்த குடும்பம் மர்சலினுடையது. கடல் தொழில் செய்பவரை அவர் மணந்துகொண்டபோது வீட்டில் ஓராண்டு பேச்சில்லை. மணமான முதல் வாரத்தில் கெளுத்தி மீனின் முள் குத்திய கையுடன் ஃபிரெட்ரிக் வந்தார். காயத்தின் மேல் டீசலும் புகையிலையும் அப்பியிருந்தன. மறுநாளே மர்சலின் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியில் மருந்துகளை வைத்துக் கொடுத்தார். ஒரே மாதத்தில் அது துருப்பிடித்தது. அடுத்து வைத்த பிளாஸ்டிக் பெட்டியின் மூடி வெயிலில் வெடித்தது. கடைசியில் இரசாயனத் தூள் வரும் இந்த டிரம்மைப் பழைய சாமான் கடையில் கண்டுபிடித்து, பதினான்கு முறை கழுவினாராம். மூடியில் ரப்பர் வளையம் உண்டு. படகு கவிழ்ந்தாலும் மிதக்கும்.

ஒட்டுப் பிளாஸ்திரி உப்புக் காற்றில் பிடிக்காது என்பதால் அதைக் குறைத்துத் துணிக்கட்டுகளைக் கூட்டினார். காயத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று பஞ்சை அறவே விலக்கினார். மாத்திரை உறைகளில் பெரிய தமிழ் எழுத்தில் ‘வாந்தி’, ‘காய்ச்சல்’, ‘வலி’ என்று எழுதினார். இரத்தத்தை நிறுத்தும் பொருள்கள் எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். மற்ற எதற்கும் தேடிக்கொள்ள நேரம் உண்டு என்பார். ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்கு முந்தின நாள் அனைத்தையும் பாயில் கொட்டி, தேதி பார்த்து, காலாவதியானவற்றைக் களைவார். வேலை செய்த மருத்துவமனையிலிருந்து ஒரு முழம் துணிகூட எடுத்ததில்லை.

அவர் போராடியது கடலோடு அல்ல, கரையோடு. திருட்டுக்குப் பயந்து இன்ஜினைக் கரையேற்றி வீட்டுக்குக் கொண்டுவருவது அங்கே வழக்கம். இன்ஜினோடு டிரம்மும் வரும். வந்ததும் அது தெருவின் மருந்துக்கடை ஆகிவிடும். ஒருவருக்குத் தலைவலி, ஒருவருக்குக் கத்திரிக்கோல். அதனால்தான், பொருள் திரும்பி வந்த பிறகே வரியை அடிக்கும் அந்த அட்டை. அதனால்தான் வாசலில் போய் நிற்பது.

சனிக்கிழமை தியாகராய நகரில், அறுவை சிகிச்சைச் சாமான்கள் விற்கும் கடையில் இரண்டு பெரிய கட்டுகளை வாங்கினேன். அன்றே கொடுத்திருக்கலாம், கால் வலித்தது, ஆட்டோவைத் திருப்பவில்லை. ஞாயிறன்று பூசை முடிந்து வருபவர்களை வழியில் நிறுத்தி இதைக் கொடுப்பது அழகாக இராது என்று எண்ணினேன். திங்கட்கிழமை காலையில், சந்தித்த அதே நேரத்தில், அதே இடத்தில் கொடுப்பதே முறை என்று முடிவு செய்தேன். கல்லூரியில் பாடம் நடத்தும் எனக்குத் திங்கட்கிழமை ஆறு மணிக்குத்தான் விடியும். படகு இறங்கும் நேரம் அதிகாலை மூன்று மணி என்பது எனக்குத் தெரியாததல்ல, நினைத்துப் பார்க்காதது.

ஆறரைக்கு, கடையின் உறையோடு மணலில் நொண்டிக்கொண்டு நின்றேன். மர்சலின் எனக்கு முன்பே வந்திருந்தார். நான் அவரை நோக்கி நடப்பதற்குள் படகு வந்துவிட்டது. வழக்கத்தைவிட வேகமாக வந்தது.

வலை சுற்றிக்கொண்ட இன்ஜின் விசிறியை விடுவிக்க ஃபிரெட்ரிக் குனிந்திருக்கிறார். அது திடீரென்று சுழன்று தொடையைக் கிழித்துவிட்டது. கரைக்கு நாற்பது நிமிடத் தொலைவு. டிரம்மில் பெரிய கட்டு இல்லை. கபாலி தன் லுங்கியைக் கிழித்துக் கட்டியிருந்தான்.

“நனைய நனைய லூசாவுதுக்கா. நான் எத்தினி தபாதான் இறுக்கறது,” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவனுடைய கைகள் முழங்கை வரை சிவந்திருந்தன.

மர்சலின் தன் முழு எடையையும் இரு கைகளில் வைத்து அந்தத் தொடையை அழுத்தினார். ஆம்புலன்ஸ் வரும்வரை எடுக்கவில்லை. வந்தவர்கள் கேட்டுக்கொண்ட பிறகும் எடுக்கவில்லை. ஃபிரெட்ரிக் இறந்துவிட்டார் என்பது அவர்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். உறை என் கையிலேயே இருந்தது.

அடக்கத்திற்கு முன்பாக வீட்டுவாசலில் கூடியிருந்தோம். பங்கில் மூத்தவரான ராஜநாயகம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மூலையில் இருந்த டிரம்மை எடுத்தார்.

“இவ்வளவு பார்த்துப் பார்த்து வச்சியேம்மா. இதுல இருக்க வேண்டியது ஏன் இல்லாம போச்சு? யாரு எடுத்தது?” என்று கேட்டபடி மூடியைத் திருகினார்.

கபாலி என்னைப் பார்த்தான். மர்சலின் எழுந்து வந்து டிரம்மை அவர் கையிலிருந்து வாங்கினார். பாதி திறந்த மூடியை மறுபடி இறுக மூடினார்.

“யாரும் எடுக்கல மாமா. நான்தான் சரிபாக்கல.”

கூட்டத்தில் ஒரு பெண், “நர்ஸ் வூட்லயே இப்டி,” என்று முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது. நான் வாய் திறக்கவில்லை. அந்தச் சொல் மர்சலின் மேல் ஒட்டிக்கொண்டது. பல ஆண்டுகள் ஒட்டியிருந்தது.

ஆறு மாதம் கழித்து மர்சலின் மீண்டும் டிரம்கள் வாங்கத் தொடங்கினார். கபாலியின் புதுப் படகுக்கு முதலாவது. அதன்பின் பதினொரு படகுகள். ஒருநாள் கபாலிக்கு அவர் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்: “வாங்கித் தரேன்னு யார் சொன்னாலும் காத்திருக்காத. நாமளே உள்ள வச்சிட்டுத்தான் படகு எறக்கணும்.” நான் நிற்பதைக் கண்டதும் பேச்சை நிறுத்தி, “கால் எப்டி சார் இருக்கு?” என்று விசாரித்தார். டிரம்களுக்காக நான் வாங்கிச் சென்ற பொருள்களை மறுக்காமல் பெற்றுக்கொண்டார். ஆனால் அந்த இரண்டு கட்டுகளை நான் கொடுக்கவில்லை. அவை என் மேசை இழுப்பறையில் இருந்தன.

2024 டிசம்பரில் அவர் நோயுற்றுப் படுத்திருக்கிறார் என்று கபாலி சொன்னான். இழுப்பறையைத் திறந்து, கடைச்சீட்டோடு இருந்த அதே உறையை எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலருகே பழைய நீல டிரம் இருந்தது. உறையை நீட்டினேன்.

எதைக் கொடுத்தாலும் தேதி பார்க்கும் கை அது. கண்ணாடியை அணிந்துகொண்டு கட்டுகளைத் திருப்பினார். சீட்டையும் படித்தார்: 24 ஆகஸ்டு 2019. அந்தத் தேதியின் மேல் விரலை வைத்தார்.

“சனிக்கிழமையே வாங்கிட்டீங்களா?”

“ஆமாம் சிஸ்டர்.”

கட்டுகளையும் சீட்டையும் உறைக்குள் வைத்து, ஓரத்தை இருமுறை மடித்து என்னிடம் திருப்பித் தந்தார்.

“ஜூலையோட தேதி முடிஞ்சிருச்சு சார். போட்டுல வைக்க முடியாது.” பிறகு, “வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிங்க,” என்றார்.

பிப்ரவரியில் அவர் காலமானார். நீல டிரம் இப்போது கபாலியிடம் இருக்கிறது. அட்டையில் மற்ற வரிகள் எல்லாம் அடிக்கப்பட்டிருக்கின்றன என்றும், ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது என்றும் அவன் சொன்னான். ஒரு கத்திரிக்கோலுக்காக மூன்று நாள் பிறர் வாசலில் நின்றவர், மயிலாப்பூரில் என் வீடு எங்கே என்று ஒருவரையும் கேட்டதில்லை.