அடிக்கடி திறப்பவை

போன வாரம் தாம்பரத்தில் ரயிலுக்காக நின்றிருந்தபோது போன் ஒரு கேள்வி கேட்டது. ‘இந்தப் பைல்களை நீங்கள் நெடுநாளாகத் திறக்கவில்லை. நீக்கிவிடலாமா?’ கீழே ‘சரி’ என்று ஒரு பட்டன். பீச் ஸ்டேஷன் போகும் வண்டி வந்தது, போனது, நான் ஏறவில்லை. ஒரு பட்டனுக்குப் பயந்து வண்டியை விட்டவன் என்று சிரிக்காதீர்கள். அதே கேள்வியை ஒரு காலத்தில் நானும் எழுதியிருக்கிறேன்.

அப்போது எனக்கு நாவலூரில் முதல் சாப்ட்வேர் வேலை. கண்ணாடிக் கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். டைல்ஸ் கடைக்கு மேல் மாடி, ஏழு பேர். கீழே டைல்ஸ் அறுத்தால் தூள் வந்து எங்கள் கீபோர்டில் படியும். விலை குறைந்த கம்ப்யூட்டர்களுக்குத் தமிழில் டெஸ்க்டாப் மெனு செய்துகொண்டிருந்தோம். பாட்டோ போட்டோவோ கடிதமோ, எதுவும் இரண்டு கிளிக்கில் கைக்கு வந்துவிட வேண்டும். டீம் லீட் யூசுப் பாய் பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பைல் பெயர் எழுதுவார். டீக்கடைக்காரர் வரை எல்லோரிடமும் நீட்டி, “இத எங்க வைப்பீங்க?” என்று கேட்பார். அப்படித்தான் மெனுவைக் கட்டினோம். இன்றைக்கும் பத்திரிகை அட்டையின் வாசனை வந்தால் எனக்குக் கல்யாணச் சாப்பாடு ஞாபகம் வருவதில்லை.

என் பங்குக்கு நானும் ஒரு யோசனை சொன்னேன், ரொம்பப் பெருமையாக. அடிக்கடி திறப்பவை தானாக மேல் வரிசைக்கு ஏறட்டும். திறக்காதவை இறங்கி ‘ஒதுக்கியவை’யில் விழட்டும். டிஸ்க் சின்னது, அதனால் மூன்று மாதம் அங்கே கிடந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நீக்கிவிடலாம்.

யூசுப் பாய் கையிலிருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தொறக்கலன்னா வேணாம்னு அர்த்தமா தம்பி?”

“வேற என்ன பாய்?” என்றேன். இருபத்துமூன்று வயதில் எனக்கு எல்லாவற்றுக்கும் அர்த்தம் தெரிந்திருந்தது.

செய்ததைச் சோதிக்க ஆள் வேண்டுமே. சிட்லபாக்கத்தில் எங்கள் எதிர்வீட்டில் மெர்சி ஆன்ட்டி இருந்தார், ரிட்டையரான கணக்கு டீச்சர். அவர் கணவர் டேனியல் அங்கிள் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அங்கிள் வாங்கிய கம்ப்யூட்டரில் எங்கள் மெனுவைப் போட்டுக் கொடுத்தேன்.

“நடுவுல ஏதாவது கேட்டா என்னப்பா பண்றது?”

“எது கேட்டாலும் ‘சரி’ அழுத்துங்க ஆன்ட்டி. ஒண்ணும் ஆகாது.”

இப்போது அதை எழுதும்போதும் கை கூசுகிறது.

நாலைந்து மாதம் கழித்து ஆன்ட்டி எங்கள் வீட்டு கேட் அருகில் வந்து நின்றார். “அங்கிளோட பிராக்டிஸ காணோம்பா.”

‘கிறிஸ்துமஸ் பிராக்டிஸ்’ என்பது அங்கிள் வைத்த பெயர். சர்ச் பாட்டுக்குழுவில் அவருடையது அடிக்குரல். வீட்டில் பழக அதைத் தனியாகப் பாடி ரெக்கார்ட் செய்திருந்தார். நடுவில் ஓர் இருமல் வருமாம், பிறகு, “மெர்சி, தொட்டி ரொம்பிடுச்சு பாரு, மோட்டர நிறுத்து” என்று ஒரு சத்தம். அந்த மனிதரின் குரல் மிஞ்சியிருந்தது அதில் மட்டும்தான். அதற்கு ஒரு நகல் எடுத்து வைத்தாயா என்று கேட்காதீர்கள்.

“அவர் போனதுலேர்ந்து ஒரு தடவகூட போடலப்பா. கேக்க தைரியம் வரல. பேரு கண்ணுக்குத் தெரியுதே, அது போதும்னு இருந்தேன்” என்றார். “நான்தான் சரி அழுத்தினேன்” என்றும் சொன்னார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யூசுப் பாய் ஆன்ட்டி வீட்டுக்கு வந்து, நீக்கியதை மீட்கும் சாப்ட்வேர்களையெல்லாம் ஓட்டிப் பார்த்தார். சாயங்காலம் எழுந்து, “அந்த எடத்துல கம்ப்யூட்டர் வேற எதையோ எழுதிடுச்சும்மா, இனிமே வராது” என்று அவரே சொன்னார்.

ஆன்ட்டி அழவில்லை. “அந்தப் பேர மட்டும் பழையபடி வைக்க முடியுமா?” என்று கேட்டார்.

“உள்ள ஒண்ணும் இருக்காது ஆன்ட்டி.”

“நான் எங்க தொறக்கப் போறேன்.”

வெறும் பைல் ஒன்றுக்கு அதே பெயர் வைத்துக் கொடுத்தேன். அதைவிடக் கேவலமான வேலையை நான் செய்ததில்லை. அதற்கும் ஆன்ட்டி காபி போட்டுக் கொடுத்தார். நீக்கும் விதியை அன்றே அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டேன். மேலே ஏற்றும் விதி அப்படியே இருந்தது, அதைத் தொடத் தோன்றவில்லை.

நாவலூர் ஆபீஸ் இரண்டே வருடத்தில் மூடியது. எங்கள் மெனு இன்று எங்கேயும் இல்லை. யூசுப் பாயின் நம்பரில் வேறு யாரோ பேசுகிறார்கள். மெர்சி ஆன்ட்டியும் போன மழைக்காலத்தில் போய்விட்டார். வீட்டை இடித்து அபார்ட்மென்ட் கட்டப்போகிறார்கள் என்று, அவர் மகள் அந்தப் பழைய கம்ப்யூட்டரை என்னிடம் கொடுத்தாள். “யாருக்காவது ஆகும்னா குடுத்துடுங்கண்ணா.”

யாருக்கும் ஆகாது. தூக்கிப் போடுவதற்கு முன் ஒரே ஒரு முறை ஆன் செய்தேன். முனகி முனகித்தான் விழித்தது. ‘அடிக்கடி திறப்பவை’ வரிசையில் முதலாவதாக ‘கிறிஸ்துமஸ் பிராக்டிஸ்’ இருந்தது. அழுத்தினேன். பிளேயர் திறந்து பூஜ்யத்தில் நின்றது.

நான் எழுதிய விதி எனக்குத் தெரியும். தினமும் திறந்தால்தான் அந்த இடம் கிடைக்கும்.