வளையாத முதுகு

"அத்தே, வணக்கம்னா என்ன மீனிங்?" என்று ஒருநாள் கேட்டான், என் மகள் காதலித்த சீனப் பையன். ஜுருவில் கார் விற்கிறவன். அவள் சொல்லிக்கொடுத்துத் தமிழ் பேசுவான்.

பிறந்ததிலிருந்து சொல்லிவரும் சொல், எனக்குத் தெரியவில்லை. அகராதியைப் புரட்டினேன். வணங்குதல் என்றால் வளைதல் என்று இருந்தது. கெப்பாலா பத்தாஸ் பக்கம் முற்றிய நெற்கதிர் தலைசாய்கிறதே, அதுவும் வணங்குவதுதான். மரியாதை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து யார் உண்மையாகவே வளைகிறார்கள் என்று கவனிக்கிறேன். பெரும்பாலும் வாய் மட்டும்தான்.

"வளையறதா? மாமா வளைய மாட்டாருலா" என்று சிரித்தான்.

உண்மைதான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்ற என் கணவர், சீனக்காரனா என்று முறுக்கிக்கொண்டிருந்தார். பையன் கைகூப்பி "வணக்கம் மாமா" என்பான். இவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மகள் அழுத அழுகைக்காகத்தான் கல்யாணத்துக்கே தலையாட்டினார்.

கல்யாணத்தன்று ஜார்ஜ் டவுனில் பையன் வீட்டில் தேநீர்ச் சடங்கு. பிள்ளைகள் மண்டியிட்டுத் தேநீர் நீட்டுவார்கள். பெரியவர்கள் வாங்கிக் குடித்தால் உறவை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். எங்கள் முறை வந்தது. பையன் தலைகுனிந்து இவரிடம் கோப்பையை நீட்டினான்.

"வேணாம் வேணாம், இருக்கட்டும்" என்று கையை ஆட்டிவிட்டார் இவர்.

எந்த வீட்டில் எதைக் கொடுத்தாலும் நம்மவர்கள் முதலில் சொல்வது அதுதானே. இன்னொரு தடவை உபசரித்தால் வாங்கிக்கொள்வோம். அது அவர்களுக்கு எப்படித் தெரியும்? பையனின் அம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. மகள் என்னைப் பார்த்தாள். பையன் மட்டும் நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் இவருக்கு உறைத்தது. மூட்டுவலிக்காரர், என் தோளைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து இறங்கி, அவன் எதிரே மண்டியிட்டார். இரண்டு கையாலும் கோப்பையை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். கண் கலங்கிவிட்டது. சூட்டினால்தான் என்று இன்றும் சாதிக்கிறார்.

கோப்பையை வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

"வணக்கம், மாப்பிள்ளே."