அந்த அம்மா மூச்சு வாங்கிய இடம்

என் காதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. குயிலாப்பாளையத்தில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக்கூடத்தில் பழைய டேப்புகளைச் சுத்தம் செய்து, தேறுமா தேறாதா என்று சொல்வதுதான் என் வேலை. அங்கே ஒரு நாள் ஜெர்மன்காரப் பெண்மணி ஒருவர் டேப் பெட்டியோடு வந்தார். பல வருஷமாக நம் பக்கம் இருப்பவர், தமிழ் நன்றாகவே பேசுவார்.

"எங்கம்மா ஓபரா பாடகி. ஒரே ஒரு தடவை கதாநாயகியா பாடினாங்க, அதை மேடையிலேயே பதிவு பண்ணியிருக்காங்க. மூச்சு போதலன்னு பேப்பர்ல எழுதிட்டாங்க. அப்புறம் அம்மா மேடையே ஏறல. நான் இந்தப் பெட்டியைத் திறந்ததுகூட இல்ல. நல்லா இருந்தா ரெக்கார்டா போடலாம். இல்லன்னா இப்படியே இருக்கட்டும். உண்மையைச் சொல்லுங்க."

ஞாயிறு காலை மரக்காணத்தில் என் வீட்டில் கேட்டேன். பார்வையாளர் இருமல், மேடைப் பலகையில் செருப்புச் சத்தம் எல்லாம் இருந்தது. குரல் அருமை. ஆனால் இரண்டாம் அங்கத்தில், ஒரே மூச்சில் பாட வேண்டிய வரியை மூன்றாக உடைத்தார். 'மூச்சு போதவில்லை. வாத்தியக் குழுவும் தேவையில்லாமல் தாமதிக்கிறது' என்று குறித்துக்கொண்டேன். மகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று வருத்தமாக இருந்தது.

அப்போது உப்பளத்தில் கூடை சுமக்கிற என் அக்கா வேலை முடிந்து வந்தாள். கூழ்ச் சொம்போடு உட்கார்ந்தவள் அந்த வரியைக் கேட்டு நிமிர்ந்தாள்.

"டேய், இவ மாசமா இருக்காடா."

"உனக்கு ஜெர்மன் எப்போ வந்துச்சு?"

"பாஷை எதுக்குடா? மூச்சு கீழ எறங்க எடமில்லாம மேலயே நிக்குது பாரு. உன் மருமகளை வயித்துல வெச்சிக்கிட்டு வரப்புல கூடை தூக்கறப்போ நானும் இப்படித்தான் இழுத்தேன்."

உப்பளத்தில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லையாம். மூச்சைக் கேட்டே, உப்பை அள்ளிப் போடுகிறவள் கூடையில் ரெண்டு கை குறைத்துப் போடுவாளாம். அக்கா மறுபடி ஓட்டச் சொன்னாள்.

"கேளு. வாத்தியக்காரங்களும் கொறைச்சிதான் போடறாங்க."

உண்மைதான். அவர் மூச்செடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். நான் குறை என்று எழுதிய இரண்டுக்குமே காரணம் வயிற்றிலிருந்த அந்தப் பிள்ளைதான். வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, எழுதியதை அடித்தேன்.

மறுநாள் பெட்டிக்குள் எழுதியிருந்த தேதியை அந்தப் பெண்மணியிடம் காட்டி, "நீங்க எப்போ பொறந்தீங்க?" என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். அந்தப் பதிவுக்கு நான்கு மாதம் கழித்து. அக்கா சொன்னதைச் சொல்லி, டேப்பை ஓட்டினேன்.

அம்மா மேடையில் பாடியதை அவர் முதல்முறையாகக் கேட்டார். அந்த வரி முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"ரெக்கார்டா போடுங்க. அட்டையில நடிச்சவங்க பேரெல்லாம் வரும்ல? கடைசியில என் பேரையும் சேர்த்துடுங்க."

சேர்த்தோம்.